சட்டம் புதிது, தீர்ப்பு பழையது: வாசகர் கேள்வி – பதில்

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் விலகி, 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் அதன் இடத்துக்கு வந்ததையொட்டி, கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் பலவும் ஒரே ஐயத்தைத்தான் கேட்கின்றன: பழைய சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் சொன்னவை இனிச் செல்லுமா? இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: முப்பது ஆண்டுகளாக ஜவுளி வணிகர்களுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒரு சுவர் முழுவதும் தீர்ப்புத் தொகுதிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. சட்டமே போய்விட்ட பிறகு இவை எல்லாம் பழைய பேப்பர் கடைக்குத்தானா என்று இளைஞர்கள் கேலி செய்கிறார்கள். உண்மை என்ன?
— வாசகர், ஈரோடு

பதில்: அலமாரியைக் காலி செய்துவிடாதீர்கள், ஐயா. ஆனால் அதில் உள்ள ஒவ்வொரு தீர்ப்பையும் முன்போல் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து நீட்டவும் முடியாது.

தீர்ப்பு ஒன்று பிரிவின் எண்ணைப் பற்றிக்கொண்டு நிற்பதில்லை. அந்தப் பிரிவில் உள்ள ஒரு சொல்லுக்கோ, ஒரு சொற்றொடருக்கோ, அதன் பின்னால் இருக்கும் ஒரு கோட்பாட்டுக்கோ நீதிபதி சொன்ன பொருள்தான் தீர்ப்பின் உயிர். எண் மாறினால் உயிர் போகாது. சொல் மாறினால் போகலாம். சொல் மாறியும் கோட்பாடு மாறாதிருந்தால் பிழைக்கவும் கூடும். ஆகவே கையில் உள்ள தீர்ப்பில் நீதிபதி எந்தச் சொல்லின் மீது சாய்ந்து முடிவுக்கு வந்தார் என்பதை முதலில் கண்டுபிடித்து, பிறகு அந்தச் சொல் புதிய சட்டத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதே முறை.

இது நமக்குப் புதிய அனுபவமும் இல்லை. 1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தை நீக்கிவிட்டு 1961ஆம் ஆண்டுச் சட்டம் 1962 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. வருமானம் என்ற சொல்லுக்கு, அன்று நம் வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1932ல், 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சொன்ன விளக்கம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் காலம் முழுவதும் மேற்கோள் காட்டப்பட்டே வந்தது. நீதிமன்றம் ஒரு சொல்லுக்குப் பொருள் சொன்ன பிறகு, அதே சொல்லைச் சட்டமியற்றுவோர் புதிய சட்டத்திலும் எடுத்து வைத்தால், அந்தப் பொருளை ஏற்றுக்கொண்டே வைத்தார்கள் என்று கொள்ள வேண்டும் என்பது பொருள்கோள் விதி. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் அவை 1933ல் தெளிவாக உரைத்த இந்த விதியை நம் உச்ச நீதிமன்றமும் பின்பற்றியிருக்கிறது. இது ஊகமே தவிர, மறுக்க முடியாத விதி அன்று; புதிய சட்டத்தின் அமைப்பே வேறு பொருளைக் காட்டினால் ஊகம் விலகிவிடும். அரசியலமைப்பின் 141ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றம் அறிவித்த சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது. வரிச் சட்டம் மாறினாலும் அந்த உறுப்பு மாறவில்லை.

புதிய சட்டத்தைக் கொண்டுவந்தபோது, பெரிய கொள்கை மாற்றமோ வரி விகித மாற்றமோ நோக்கம் அன்று, மொழியை எளிமையாக்குவதே நோக்கம் என்று அரசு கூறியது. 819 பிரிவுகள் 536 ஆகவும், 47 அத்தியாயங்கள் 23 ஆகவும், 5 லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் சுமார் 2.6 லட்சமாகவும் குறைந்திருக்கின்றன. கொள்கை மாறவில்லை என்ற இந்த அறிவிப்பு பழைய தீர்ப்புகளுக்கு ஆதரவான வாதம். ஆனால் வாதம் மட்டுமே. நீதிமன்றம் சட்டத்தின் வாசகத்தைத்தான் படிக்கும், அறிமுக உரையை அன்று.

உங்கள் பகுதிக்குப் பொருத்தமான ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். நூற்பாலையில் நூல் நூற்கும் பழைய ரிங் ஃப்ரேம் இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது, அந்த ஆண்டு இலாபத்திலேயே முழுதாகக் கழிக்கக்கூடிய நடப்புப் பழுதுபார்ப்புச் செலவா, அப்படிக் கழிக்க முடியாத மூலதனச் செலவா என்ற சண்டை நம் மில் முதலாளிகளுக்கு நன்கு தெரியும். சென்னை உயர் நீதிமன்றம் ஆலைகளுக்குச் சாதகமாகச் சொல்லிவந்த நிலையில், ஆலையின் ஒவ்வொரு இயந்திரமும் தனித்தனி என்றும், ஒன்றை முழுதாக மாற்றுவது நடப்புப் பழுதுபார்ப்பு ஆகாது என்றும் 2007ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2009ல் மீண்டும் உறுதி செய்தது. புதிய சட்டத்திலும் நடப்புப் பழுதுபார்ப்பு என்ற கருத்து தொடர்கிறது. எனவே புதிய சட்டம் வந்துவிட்டது, இந்த ஆண்டு ரிங் ஃப்ரேம் முழுவதையும் செலவில் எழுதிவிடலாம் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். நமக்குப் பிடித்த தீர்ப்பு மட்டும் தொடரும், பிடிக்காதது சட்டத்தோடு போய்விடும் என்று எண்ணுவது மனித இயல்பு. சட்டத்துக்கு அந்த ஓரவஞ்சனை தெரியாது.

மெல்லச் சிக்கல் எழக்கூடிய இடம் ஒன்று உண்டு. பழைய சட்டத்தில் இருந்த நூற்றுக்கணக்கான வரம்புரைகளும் (பிரிவுக்கு விலக்கோ நிபந்தனையோ சேர்க்கும் 'புரொவிசோ') விளக்கங்களும் நீக்கப்பட்டு, அவற்றின் சாரம் உட்பிரிவுகளாகவும் அட்டவணைகளாகவும் மாற்றப்பட்டிருக்கிறது. வரம்புரை என்றால் எப்படிப் படிக்க வேண்டும், விளக்கம் என்றால் அது மூலப்பிரிவை எந்த அளவுக்கு விரிக்கலாம் என்பதற்கெல்லாம் தனி நீதிமன்ற விதிகள் உண்டு. தமிழ்நாட்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985ல் இதை விரிவாகவே எழுதியது. முன்பு வரம்புரையாக இருந்தது இப்போது தனி உட்பிரிவாக நின்றால், அதை வரம்புரைக்குரிய சுருக்கமான பொருளில் படிப்பதா, தனிப் பிரிவுக்குரிய முழு வீச்சில் படிப்பதா? பிற பிரிவுகள் என்ன சொன்னாலும் என்று பொருள்படும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற பழைய சட்டச் சொல்லுக்குப் பதில் 'இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்' என்று இப்போது எழுதியிருப்பதும் இதைப் போன்றதே. இரண்டும் ஒரே பொருள் தருவன என்பதே என் கருத்து என்றாலும், வழக்கறிஞர்களுக்கு வாதிடக் கிடைத்த புதிய மேய்ச்சல் நிலம் இது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கேள்வி: இரண்டு கொட்டகைகளில் கறிக்கோழி வளர்க்கிறேன். குஞ்சும் தீவனமும் நிறுவனம் தருகிறது. எங்களுக்கு வளர்ப்புக் கூலி. கோழி வளர்ப்பு விவசாயம் அன்று என்று சொன்ன தீர்ப்பு பழைய சட்டத்தோடு போய்விட்டதாகவும், இனி இந்த வருமானத்துக்கு வரி இல்லை என்றும் எங்கள் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சரியா?
— வாசகர், பல்லடம்

பதில்: சரியன்று. நீங்கள் குறிப்பிடும் தீர்ப்பு ஏற்கெனவே ஒரு சட்ட மாற்றத்தைத் தாண்டி வந்தது என்பதை உங்கள் ஊர் நண்பர்கள் கவனிக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் 1957ல் வழங்கிய அந்தத் தீர்ப்பு 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுந்த ஒரு காட்டு மர வருமான வழக்கு. வேளாண்மை என்றால் நிலத்தின் மீதே மனித உழைப்பைச் செலுத்தும் அடிப்படை வேலைகள், அதாவது உழுதல், விதைத்தல், நடுதல் போன்றவை இருக்க வேண்டும். களையெடுத்தல், காத்தல், அறுத்தல் போன்ற பின்வேலைகள் அவற்றோடு சேரும்போது வேளாண்மையின் பகுதி ஆகும். அடிப்படை வேலை எதுவும் இல்லாமல் பின்வேலை மட்டும் இருந்தால் போதாது என்று நீதிமன்றம் வகுத்தது. நிலத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்பதற்காகக் கால்நடை வளர்ப்பையும் பால் பண்ணையையும் கோழிப் பண்ணையையும் வேளாண்மைக்குள் இழுக்க இயலாது என்பதும் அதே தீர்ப்பில் உள்ளது. 1961ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் வருமானத்துக்கான வரையறையை ஏறத்தாழ அப்படியே எடுத்துக்கொண்டதால், தீர்ப்பும் கூடவே வந்தது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவிலும் வேளாண் நோக்கத்துக்குப் பயன்படும் நிலத்திலிருந்து கிடைக்கும் வாடகை அல்லது வருவாய் என்ற அதே அடித்தளம்தான் இருக்கிறது. மூன்றாவது வீட்டுக்குக் குடிபெயர்ந்தாலும் தீர்ப்பு அதே தீர்ப்புதான்.

ஒரு காலத்தில் கோழிப் பண்ணை இலாபத்துக்கென்றே 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனிக் கழிவு, அதாவது வரி போடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் சலுகை, தரப்பட்டிருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. வரியே இல்லாத வருமானத்துக்குக் கழிவு எதற்கு என்று யோசித்தாலே விடை கிடைத்துவிடும். உங்கள் கொட்டகையைச் சுற்றியுள்ள தோட்டத்தில் தென்னையோ சோளமோ இருந்தால் அந்த வருமானம் தனி. அதற்கு வேளாண் வருமானச் சலுகை எப்போதும்போல் உண்டு. இரண்டையும் ஒரே வங்கிக் கணக்கில் கலந்து வைத்திருப்பவர்கள் இந்த ஆண்டிலிருந்தாவது பிரித்து எழுதிவையுங்கள்.

கேள்வி: கோவை மாநகராட்சி எல்லைக்கு வெளியே எங்களுக்கு மூன்று ஏக்கர் பூமி இருக்கிறது. சாலை வழியாகப் போனால் எல்லையிலிருந்து 9 கிலோமீட்டருக்கு மேல் வரும். நேர்க்கோட்டில் அளந்தால் 8 கிலோமீட்டருக்குள் வந்துவிடுகிறது. சாலைத் தூரத்தையே கணக்கிட வேண்டும் என்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருப்பதாக ஒரு தரகர் சொல்கிறார். விற்றால் மூலதன ஆதாய வரி வருமா?
— வாசகர், அன்னூர்

பதில்: உங்கள் தரகர் சொல்லும் தீர்ப்பு உண்மையாகவே இருந்தது. அதன் கதை 2025ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகு முன்பே முடிந்துவிட்டது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஊரக வேளாண் நிலம் மூலதனச் சொத்து ஆகாது. விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. மக்கள்தொகை 10,000க்கு மேல் 1 லட்சம் வரை உள்ள நகராட்சியாக இருந்தால் எல்லையிலிருந்து 2 கிலோமீட்டர், 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் 6 கிலோமீட்டர், 10 லட்சத்துக்கு மேல் என்றால் 8 கிலோமீட்டர் என்ற வட்டத்துக்குள் உள்ள நிலத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. தூரத்தை எப்படி அளப்பது என்று முன்பு சட்டம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில், மக்கள் போய்வரும் பாதையையே அளக்க வேண்டும் என்று சில உயர் நீதிமன்றங்கள் கூறின. பஞ்சாப் – ஹரியானா உயர் நீதிமன்றத்தின் 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு அவற்றுள் ஒன்று. அதன்பின் 2013ஆம் ஆண்டு நிதிச் சட்டம், தூரத்தை வான்வழியாக, அதாவது நேர்க்கோட்டில் அளக்க வேண்டும் என்ற சொல்லையே பிரிவுக்குள் வைத்துவிட்டது. 2014-15 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அதாவது 2013-14 நிதியாண்டில் ஈட்டிய வருமானத்திலிருந்து, அதுவே சட்டம். புதிய சட்டமும் நேர்க்கோட்டையே தொடர்கிறது. எந்த மௌனத்தை நிரப்ப அந்தத் தீர்ப்புகள் எழுதப்பட்டனவோ அந்த மௌனம் கலைந்துவிட்டது. ஆகவே 8 கிலோமீட்டருக்குள் விழும் உங்கள் பூமிக்கு ஊரக நிலம் என்ற சலுகை இல்லை.

ஆனால் தூரம் மட்டுமே கேள்வி என்று எண்ணி, வட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அந்த நிலம் முதலில் வேளாண் நிலமாக இருக்க வேண்டுமே. சூரத் நகரத்து நிலம் ஒன்றைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1993ல் சொன்ன தீர்ப்பு இதற்கு வழிகாட்டி. வருவாய்ப் பதிவேட்டில் எப்படி இருக்கிறது, விற்பனைக்கு முன் உண்மையில் பயிரிடப்பட்டதா, வேறு பயன்பாட்டுக்கு அனுமதி வாங்கப்பட்டதா, ஏக்கர் கணக்கில் விற்கப்பட்டதா, சதுர கஜக் கணக்கிலா என்று பல கோணங்களில் பார்த்து, எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்; ஏதாவது ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது. அந்த நிலத்துக்கு அன்று வேளாண் நிலம் என்ற தகுதி கிடைக்கவில்லை. வேளாண் நிலம் என்ற சொல் புதிய சட்டத்திலும் வரையறை இல்லாமலேயே இருப்பதால், இந்தத் தீர்ப்பு இன்னும் முழு வலுவோடு நிற்கிறது. நம் பக்கத்தில் கிணறு வற்றி ஐந்தாறு ஆண்டு கரடாகக் கிடந்த பூமியைச் சென்ட் கணக்கில் விலை பேசி விற்றுவிட்டு, சிட்டாவை மட்டும் காட்டி விவசாய நிலம் என்று வாதிடுபவர்கள் பலர். சிட்டா ஒரு சான்று; அடங்கலில் சாகுபடி வெற்றாக இருந்தால் அதுவும் ஒரு சான்றுதான்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டு மனையைக் கட்டுநருக்குக் கூட்டு ஒப்பந்தத்தில் கொடுத்து, பங்காக நான்கு அடுக்ககங்கள் பெற இருக்கிறோம். இப்படிப் பெற்ற ஐந்து அடுக்ககங்களுக்கும் வரிவிலக்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை உறவினர் ஒருவர் அனுப்பினார். எங்களுக்கு உதவுமா?
— வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அம்மா, அந்தத் தீர்ப்பு 2014ஆம் ஆண்டில் வந்தது. அன்றைய பிரிவில் ஆங்கிலத்தில் 'எ ரெசிடென்ஷியல் ஹவுஸ்' என்று இருந்தது. அந்த 'எ' என்பது எண்ணிக்கையைக் குறிக்கவில்லை, ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்ககங்களும் அதற்குள் அடங்கலாம் என்பதே தீர்ப்பின் அச்சாணி. அதே 2014ல் நிறைவேறிய நிதிச் சட்டம் 'எ' என்பதை எடுத்துவிட்டு 'ஒன்' என்று வைத்து, அந்த வீடு இந்தியாவில் இருக்க வேண்டும் என்றும் சேர்த்தது. 2015-16 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இது நடைமுறை. தமிழில் இரண்டையும் 'ஒரு' என்றே சொல்லிவிடுவதால் நம்மவர்களுக்கு இந்த வேறுபாடு கண்ணில் படுவதில்லை. ஓர் எழுத்து மாறியதில் ஒரு தீர்ப்பு வரிசையே சாய்ந்தது.

ஆகவே நான்கு தனித்தனி அடுக்ககங்களுக்கும் விலக்குக் கோரி அந்தத் தீர்ப்பை நம்புவது ஆபத்து. குடியிருப்பு வீட்டை விற்றவர்களுக்கு மட்டும், ஆதாயம் 2 கோடி ரூபாயைத் தாண்டாதபோது வாழ்நாளில் ஒருமுறை இரண்டு வீடுகள் வரை அனுமதிக்கும் ஏற்பாடு 2019ல் வந்தது. உங்கள் சொத்து அந்த வகைக்குள் வருமா என்பதை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தே சொல்ல இயலும். கையெழுத்திடுவதற்கு முன்பே படிக்கக் கொடுங்கள்.

கேள்வி: மஞ்சள் மண்டி நடத்துகிறேன். 2021-22 நிதியாண்டுக் கணக்கை அலுவலர் முழுமையாக ஆய்வு செய்து, கிடங்கு இருப்பையும் கமிஷனையும் கேட்டறிந்து, மதிப்பீட்டை முடித்துவிட்டார். இப்போது அதே ஆண்டுக்கு மறு மதிப்பீட்டு நோட்டீஸ். சட்டமே நீக்கப்பட்ட பிறகு அதன் கீழ் நோட்டீஸ் அனுப்பலாமா? முன்பு சொன்ன தீர்ப்புகள் என்னைக் காப்பாற்றுமா?
— வாசகர், ஈரோடு மாவட்டம்

பதில்: முதல் கேள்விக்கு விடை, அனுப்பலாம். புதிய சட்டத்தின் கடைசிப் பிரிவான 536 பழைய சட்டத்தை நீக்குகிறது. அதே மூச்சில் பழைய ஆண்டுகளுக்கான நடவடிக்கைகளைக் காப்பாற்றியும் வைக்கிறது. 2026 மார்ச் 31 வரை ஈட்டிய வருமானத்துக்கு, பழைய சட்டம் நீக்கப்படாதது போலவே மதிப்பீடும் மேல்முறையீடும் தண்டமும் நடக்கும். இப்படி ஒரு காப்புப் பிரிவு இல்லாதிருந்தாலும்கூட, எல்லாச் சட்டங்களுக்கும் பொதுவான 1897ஆம் ஆண்டு ஜெனரல் கிளாஸஸ் சட்டத்தின் 6ஆம் பிரிவு ஏற்கெனவே உண்டான உரிமைகளையும் பொறுப்புகளையும் காக்கும். ஒரு சட்டத்தை நீக்கிவிட்டு அதே பொருளில் வேறு சட்டம் கொண்டுவந்தாலும், மாறான நோக்கம் தெரியாதவரை 6ஆம் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1955லேயே சொல்லிவிட்டது. உங்கள் ஆண்டுக்குப் பழைய சட்டம், ஆகவே பழைய தீர்ப்புகள். இந்த அளவில் சந்தேகமே இல்லை.

இரண்டாவது கேள்விதான் கவனத்துக்குரியது. ஏற்கெனவே பார்த்துத் தீர்த்த விஷயத்தில் கருத்து மாறிவிட்டது என்பதற்காக மதிப்பீட்டை மீண்டும் திறக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010ல் உரைத்தது. மறு மதிப்பீட்டு அதிகாரம் வேறு, தன் முடிவைத் தானே மறுஆய்வு செய்யும் அதிகாரம் வேறு. பின்னது அலுவலருக்குத் தரப்படவில்லை. புதிதாகக் கைக்குக் கிட்டிய பொருண்மையான தகவல் வேண்டும் என்பது அதன் சாரம். 1989ல் பிரிவின் சொற்கள் மாற்றப்பட்ட பிறகும் இந்தத் தடை நிலைத்திருக்கிறது என்று சொன்னதுதான் அந்தத் தீர்ப்பின் சிறப்பு. சொல் மாறியும் கோட்பாடு பிழைத்ததற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆனால் 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இந்தப் பகுதியை அடியோடு திருத்தியது. நம்புவதற்குக் காரணம் வேண்டும் என்ற பழைய சொற்றொடர் போய், வருமானம் தப்பியதைச் சுட்டும் தகவல் இருந்தால் போதும் என்றாயிற்று. நோட்டீசுக்கு முன் விளக்கம் கேட்டு உத்தரவிட வேண்டும் என்ற நடைமுறையும் பிரிவுக்குள் வந்தது. தகவல் என்பதில் தணிக்கை ஆட்சேபமும் அடங்கும் என்று சட்டமே கூறிவிட்டது. இதனால், சட்டப் பொருளைப் பற்றித் தணிக்கைத் துறை சொல்லும் கருத்து தகவல் ஆகாது என்ற 1979ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு பெரும்பாலும் வலுவிழந்துவிட்டது. 2010ஆம் ஆண்டுத் தீர்ப்பு அப்படி விழவில்லை என்பது என் கருத்து. அதன் வேர் ஒரு சொற்றொடரில் மட்டும் இல்லை, திறப்பதற்கும் மறுஆய்வுக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. ஆனால் அதைத் தானாகக் கிடைக்கும் கவசமாக எண்ணாமல் வாதிட்டு நிறுவ வேண்டும். நோட்டீசோடு தந்த தகவல் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். உங்கள் பழைய மதிப்பீட்டுக் கோப்பிலிருந்தே எடுத்ததாக இருந்தால், அலுவலர் அன்று கேட்ட கேள்வித்தாளையும் நீங்கள் தந்த பதிலையும் இணைத்து, குறித்த நாளுக்குள் விளக்கம் அளியுங்கள்.

கேள்வி: உலர்களமும் எண்ணெய் ஆலையும் வைத்திருக்கிறேன். சிறு பாட்டில்களில் அடைத்த தேங்காய் எண்ணெய் சமையல் எண்ணெய்தான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது கலால் சட்டத்தின் கீழ் அல்லவா? கலால் போய் ஜிஎஸ்டி வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் தீர்ப்பு எங்களுக்கு எப்படிப் பொருந்தும்?
— வாசகர், காங்கேயம்

பதில்: நல்ல கேள்வி; நம் மண்ணிலிருந்தே எழுந்த வழக்கும்கூட. சேலம் மத்தியக் கலால் ஆணையர் தரப்பு மேல்முறையீட்டில் 2018ல் இரு நீதிபதிகள் ஆளுக்கொரு பக்கம் தீர்ப்பளிக்க, மூன்று நீதிபதிகள் அமர்வு 2024 டிசம்பர் 18 அன்று விடை சொன்னது. சிறிய பாட்டிலில் அடைத்திருப்பதாலேயே தேங்காய் எண்ணெய் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகிவிடாது. அப்படி ஆக வேண்டுமானால் அந்தப் பயனைக் காட்டும் சிப்பமும் சீட்டும் வேறு அடையாளங்களும் தேவை என்பது முடிவு.

தீர்ப்பு வந்தபோதே அந்தப் பொருளுக்குக் கலால் வரி வரலாறாகிவிட்டிருந்தது. இருந்தும் அது ஏன் முக்கியம் என்றால், நீதிமன்றம் படித்தது கலால் கட்டண அட்டவணையின் 1513 (தேங்காய் எண்ணெய்), 3305 (தலைமுடிக்கான பொருள்கள்) என்ற இரு தலைப்புகளை. ஜிஎஸ்டியின் விகித அறிவிக்கை சாய்ந்து நிற்கும் சுங்கக் கட்டண அட்டவணையிலும் அதே தலைப்புகள், அதே எண்ணோடு இருக்கின்றன. இரண்டும் ஒரே பன்னாட்டு வகைப்பாட்டு முறையில் பிறந்தவை. ஆகவே வகைப்பாடு பற்றிய கலால் தீர்ப்புகள் பொதுவாக ஜிஎஸ்டிக்கும் நடந்து வந்துவிடும். 2017 ஜூலை முதல் சமையல் எண்ணெய்க்கு 5 விழுக்காடும் தலை எண்ணெய்க்கு 18 விழுக்காடும் இருந்த காலத்துக்கு உங்கள் மேல் கோரிக்கை ஏதேனும் நிலுவையில் இருந்தால் இந்தத் தீர்ப்பு உங்களுக்குப் பெரும் துணை. 2025 செப்டம்பர் 22 முதல் தலை எண்ணெய்க்கும் 5 விழுக்காடுதான் என்பதால், அதற்குப் பிந்தைய விற்பனையில் சண்டையிட ஒன்றும் மிச்சமில்லை.

கலால் தீர்ப்புகள் எல்லாமே இப்படி நடந்து வந்துவிடும் என்று மட்டும் எண்ண வேண்டாம். உற்பத்தி என்றால் என்ன, தேங்காயை உடைத்துக் காயவைத்துக் கொப்பரையாக்குவது உற்பத்தியா என்பது போன்ற கேள்விகளுக்குக் கலால் காலத்தில் மலை மலையாகத் தீர்ப்புகள் குவிந்தன. அன்று வரி உற்பத்தியின் மேல் விழுந்தது. ஜிஎஸ்டி வழங்கலின் மேல் விழுகிறது. அந்தத் தீர்ப்புகளை எவரும் தவறென்று சொல்லவில்லை. அவற்றைக் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

கேள்வி: பிறர் துணிக்குச் சாயமிட்டுத் தருகிறோம். சாயப் பொருளை நாங்கள் விற்கவில்லை என்ற பழைய விற்பனை வரித் தீர்ப்புகள் ஜிஎஸ்டிக்கு உதவுமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: பழைய விற்பனை வரி, வாட் ஆண்டுகளுக்கான நிலுவை வழக்குகளில் உதவும், 2017ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் 174ஆம் பிரிவு அந்தக் காலத்துக்குப் பழைய சட்டத்தைக் காத்து வைத்திருக்கிறது. ஜிஎஸ்டிக்கு உதவாது. விற்பனையா, வேலை ஒப்பந்தமா என்ற பிரச்சினை, சென்னை மாநில அரசு தோற்ற 1958ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற வழக்கிலிருந்து, வேலை ஒப்பந்தத்தில் சேரும் பொருளுக்கும் விற்பனை வரி விதிக்க வழிசெய்த 46ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வரை நீண்டது. பிறர் சரக்கின் மீது செய்யும் எந்தச் செயல்முறையும் சேவை வழங்கலே என்று ஜிஎஸ்டிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரே வரியில் முடித்துவிட்டது.

கேள்வி: தாத்தா சுயமாகச் சம்பாதித்த தோட்டம், அவர் உயில் எழுதாமல் 1990ல் இறந்த பின் அப்பாவுக்கு வந்தது. அது அப்பாவின் தனிச் சொத்தா, கூட்டுக் குடும்பச் சொத்தா என்பதற்குச் செல்வ வரித் தீர்ப்பு ஒன்றை எதிர்த்தரப்புப் பங்காளிகள் காட்டுகிறார்கள். செல்வ வரியே ஒழிந்துவிட்டதே, அந்தத் தீர்ப்பு எப்படிச் செல்லும்?
— வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: செல்லும். உச்ச நீதிமன்றம் 1986ல் வழங்கிய அந்தத் தீர்ப்பு வரி வழக்கில் பிறந்தது என்றாலும், அது பொருள் சொன்னது 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவுக்கு. அந்தப் பிரிவின்படி தந்தையின் தனிச் சொத்தைப் பெறும் மகன் அதைத் தன் தனிச் சொத்தாகவே பெறுகிறான், தன் மக்களோடு சேர்ந்த கூட்டுக் குடும்பத்தின் தலைவனாக அன்று என்பதே முடிவு. 2016-17 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து செல்வ வரி மறைந்தது. வாரிசுரிமைச் சட்டம் மறையவில்லை. உரிமையியல் நீதிமன்றங்கள் பாகப்பிரிவினை வழக்குகளில் அத்தீர்ப்பை இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. வரிச் சட்டம் இன்னும் இரண்டு முறை மாறினாலும் இந்த நிலை மாறாது. தாத்தா வாங்கிய கிரயப் பத்திரத்தைத் தேடி எடுங்கள். பணம் அவருடைய சொந்தச் சம்பாத்தியமா, பூர்வீகச் சொத்தின் வருமானமா என்பதைப் பொறுத்தே இந்தத் தீர்ப்பு உங்கள் தோட்டத்துக்குப் பொருந்துமா என்பது தெரியும்.